வழக்கு உள்ளே, வாதி வெளியே

குடும்பத் தகராறு ஒன்று முற்றிக் கைகலப்பாகி, அண்டை வீட்டார் ஓடிவந்து விலக்கிவிடும் நிலையை அடைந்த பிறகு, தமிழ்நாட்டின் முஸ்லிம் ஊர்களில் அது பெரும்பாலும் முதலில் போய்ச் சேருமிடம் போலீஸ் ஸ்டேஷனும் அன்று, கோர்ட்டும் அன்று. ஊர்ச் சபையான ஜமாஅத்தே ஆகும். இஷாத் தொழுகை முடிந்தபின் பள்ளிவாசலை ஒட்டிய கூடத்தில் நிர்வாகியான முத்தவல்லியும் நாலைந்து பெரியவர்களும் அமர்கிறார்கள். புருஷன் வந்து தன் கட்சியைச் சொல்கிறான். பெண்ணின் தகப்பனாரோ தமையனோ, பாதி கோபமும் பாதி கூச்சமுமாக, அவள் கட்சியை எடுத்துரைக்கிறார். அடி வாங்கியவள் யாரோ அவள் மட்டும் அந்தக் கூடத்தில் இல்லை. பள்ளிவாசல் வளாகத்துக்குள் ஸ்திரீகள் வரும் வழக்கமில்லை என்ற சம்பிரதாயத்தை முன்னிட்டு, அவள் வீட்டில் அடுப்படியருகே உட்கார்ந்து, அண்ணன் என்ன செய்தியோடு வரப்போகிறானோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எந்த இரவில், எதனால், எங்கே அடித்தான் என்பதையெல்லாம் அத்தாவிடம் முழுவதும் சொல்ல எந்த மகளுக்கு நா எழும்? மகள் சொல்லாததை அவர் சபையில் எப்படிச் சொல்வார்? ஆகவே, கூடியிருப்பவர்கள் யோக்கியர்களாகவும் இரக்கமுள்ளவர்களாகவும் இருந்தாலுங்கூட, பாதி வழக்கைக் கேட்டுவிட்டு முழுத் தீர்ப்பை எழுதிவிடுகிறார்கள்.

எல்லா ஊர்களும் இப்படித்தான் என்று சொல்வது நியாயமாகாது. பெண்ணையும் அழைத்து, திரைக்கு அப்பால் அமர்த்தியேனும் அவள் வாயாலேயே கேட்கிற ஜமாஅத்துகள் இன்று உண்டு. ஆனாலும், முஸ்லிம் பெண்கள் அனுபவிக்கும் கொடுமைகளைப் பற்றிப் பேசும் போதெல்லாம் நம்மவர் பர்தாவையும் தலாக்கையும் பலதார மணத்தையும் பற்றியே தர்க்கித்துக்கொண்டிருக்க, நான் அறிந்த அளவில் விஷயத்தின் முடிச்சு இந்தக் கூடத்தில்தான் இருக்கிறது. பெண்ணின் வழக்கு எங்கே விசாரிக்கப்படுகிறதோ அங்கே அவளுக்கு இடமில்லை.

வீட்டுக்குள் நடக்கும் ஹிம்சை ஒரு மதத்தாரின் பிரத்தியேக வியாதி என்று எண்ணி ஆறுதலடைகிறவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணம் கண்ட பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவன் கையால் வன்முறைக்கு ஆளானவர்கள். இந்தியா முழுமைக்கும் அந்த விகிதம் நூற்றுக்கு 29. முஸ்லிம்கள் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவாக வாழும் ஒரு மாநிலத்தின் கணக்கு இது என்பதை நினைவிற்கொண்டால், யாரும் யாரையும் பார்த்து விரல் நீட்டுவதற்கு முகாந்திரமில்லை.

முஸ்லிம் பெண்ணுக்கென்று தனியாக வாய்த்திருக்கும் சங்கடம் வேறு. அவள் வாயைத் திறந்தால், ஏற்கெனவே தன் சமூகத்தை இழிவாகப் பேசக் காத்திருக்கும் வெளியார் அதைப் பிடித்துக்கொள்வார்கள். அப்படிப் பிடித்துக்கொண்டதும், சொந்த ஜனங்கள் அவளையே குலத்துரோகியாக்கிவிடுவார்கள். மேடைகளில் முஸ்லிம் பெண்களுக்காகக் கண்ணீர் வடிக்கும் சிலர், அதே பெண்ணின் தமையனுக்கு வாடகைக்கு வீடு தரமாட்டார்கள் என்பதை அவள் அறியாதவளல்லள். இரண்டு பக்கமும் இடி வாங்குவதைக் காட்டிலும் ஒருவன் கையால் வாங்குவது மேல் என்று அவள் மௌனமாகிறாள். அந்த மௌனத்தைச் சிலர் பொறுமை என்றும் சபர் என்றும் புகழ்கிறார்கள். எனக்கு அதில் புகழத்தக்கது எதுவும் தென்படவில்லை.

இந்த மௌனத்தை உடைக்கும் காரியம் தமிழ்நாட்டில் புதுக்கோட்டையிலிருந்து ஆரம்பமாயிற்று. மணப்பாறைக்காரரான தாவூத் ஷரீபா கானம் அலிகாரில் படித்தவர். வடநாட்டு மொழி அறிந்தவர் என்ற காரணத்தால், 1988இல் பாட்னாவில் நடந்த பெண்கள் மாநாட்டுக்கு மொழிபெயர்ப்பாளராகச் சென்றார். பிறர் சொல்லும் துன்பங்களை ஒரு பாஷையிலிருந்து இன்னொரு பாஷைக்கு மாற்றிச் சொல்லும் வேலைதான் அவருக்கு. ஆனால் அப்படி மாற்றிச் சொல்லச் சொல்ல, தம் வீட்டிலும் தெருவிலும் கண்டவை தனிப்பட்ட துரதிர்ஷ்டங்கள் அல்ல என்பது அவருக்கு விளங்கிற்று. திரும்பி வந்து புதுக்கோட்டையில் ‘ஸ்டெப்ஸ்’ என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கி நடத்தினார். எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் கொடிகட்டிப் பறந்து, பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட காலத்துப் புதுக்கோட்டை அது. அந்த மண்ணில் இத்தகைய விதை முளைத்தது ஆச்சரியமன்று.

எல்லா மதத்துப் பெண்களும் அங்கே மனுக்களோடு வந்தார்கள். ஆனால் முஸ்லிம் பெண்களின் மனுக்களில் ஒரு விசேஷம் இருந்தது: ஒவ்வொன்றிலும் ஏதாவதொரு ஜமாஅத்தின் தீர்ப்பு ஏற்கெனவே குறுக்கே நின்றது. தலாக் சொல்லியாகிவிட்டது, ஜமாஅத் ஒப்புக்கொண்டாகிவிட்டது, பதிவேடான தஃப்தரில் எழுதியாகிவிட்டது என்றே கதைகள் தொடங்கின. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால், “உங்கள் ஜமாஅத்திலேயே பேசிக்கொள்ளுங்கள்” என்று திருப்பி அனுப்புவதும் சாதாரணமாக இருந்தது. ஆண்கள் மட்டும் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் ஜமாஅத் ஒன்று இருக்குமானால், பெண்கள் உட்கார்ந்து விசாரிக்கும் ஜமாஅத் ஒன்று ஏன் இருக்கக்கூடாது என்ற எளிய கேள்வியிலிருந்து, 2000த்தை அடுத்த சில ஆண்டுகளில் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத் உருவாயிற்று. ஜமாஅத்தின் அதிகாரம் பள்ளிவாசலை ஆதாரமாகக் கொண்டு நிற்பதால், பெண்களுக்கென்று ஒரு பள்ளிவாசலும் வேண்டும் என்று ஷரீபா அறிவித்தபோது எழுந்த ஆரவாரம் தேசத்து எல்லை தாண்டியும் கேட்டது. பள்ளிவாசலைப் பற்றிய அந்த ஆரவாரத்தில், அவர் அதைக் கேட்டதன் காரணம் பலருக்கு மறந்துபோயிற்று. அவர் கேட்டது தொழுகைக்கு ஒரு கட்டடம் மட்டுமன்று, வழக்குரைக்க ஓர் இடம்.

இந்தப் பெண்கள் ஜமாஅத் வேலை செய்யும் விதத்தை, தீபா தன்ராஜ் 2011இல் எடுத்த ‘இன்வோக்கிங் ஜஸ்டிஸ்’ என்ற ஆவணப்படத்தில் காணலாம். சட்டம் அளித்த அதிகாரம் ஏதும் இல்லாத ஒரு சபை அது. வந்தவளைப் பெண்களே உட்கார வைத்துக் கேட்கிறார்கள். கணவன் வீட்டாரைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். அந்த ஊர் ஜமாஅத்திடம் பேசுகிறார்கள். பேச்சுக்கு மிஞ்சிய குற்றமென்றால் போலீஸ் ஸ்டேஷன் படியேறி, மனுவை வாங்கிக்கொள்ளச் செய்கிறார்கள். வாதாடும் பெண்களில் பலர் தாங்களே ஒரு காலத்தில் வழக்கோடு வந்தவர்கள். மார்க்கத்தைக் காட்டி அடக்க வருகிறவரிடம், அதே மார்க்க நூலை வைத்துக்கொண்டு அவர்கள் எதிர்க்கேள்வி கேட்பதுதான் பார்ப்பவரை நிமிர்ந்து உட்காரச் செய்கிறது.

அப்படிக் கேட்பதற்கு அந்த நூலில் இடம் இருக்கிறதா என்றால், தாராளமாக இருக்கிறது. குர்ஆனின் ஐம்பத்தெட்டாம் அத்தியாயத்துக்கே ‘வாதாடும் பெண்’ என்றுதான் பெயர். அரேபியாவின் பழைய வழக்கப்படி, நீ எனக்குத் தாயின் முதுகைப் போன்றவள் என்று சொல்லிக் கணவன் ஒதுக்கிவைத்துவிட, கவ்லா என்ற பெண்மணி தகப்பனையும் தமையனையும் தூதனுப்பாமல், தாமே நபிகள் நாயகத்திடம் சென்று மன்றாடி முறையிட்டார். அந்த முறையீட்டை இறைவனே செவிமடுத்ததாக அந்த அத்தியாயம் தொடங்குகிறது. பிற்காலத்தில் கலீபா உமர் வீதியில் அந்த மூதாட்டியைக் கண்டு, உடன் வந்தோர் காத்து நிற்க, அவர் பேசி முடிக்கும்வரை நின்று கேட்டார் என்றும் ஒரு வரலாறு வழங்குகிறது. தாபித் என்பவரின் மனைவி, கணவரின் ஒழுக்கத்திலோ மார்க்கப் பற்றிலோ குறையில்லை, ஆயினும் அவரோடு வாழ மனம் ஒப்பவில்லை என்று நேரில் வந்து சொன்னபோது, மணக்கொடையான மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்து அவரை நாயகம் விடுவித்தார். குலா என்ற விவாக விடுதலைக்கு ஆதாரமாக இன்றும் காட்டப்படுவது அதுவே. இவ்விரண்டு வழக்குகளிலும் வாதி நேரில் நின்றாள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சங்கடமான வசனத்தைத் தொடாமல் செல்வது நேர்மையாகாது. நான்காம் அத்தியாயத்தின் முப்பத்து நான்காம் வசனத்தைக் காட்டி, மனைவியை அடிக்கக் கணவனுக்கு உரிமையுண்டு என்று வாதிப்போர் இருக்கிறார்கள். காயம்படாத, அடையாளத்துக்கான செய்கை மட்டுமே அது என்று பண்டை உரைகாரர் பலரும் அதற்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். அமெரிக்காவில் லாலே பக்தியார் 2007இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில், அந்தச் சொல்லுக்கு விலகிப்போதல் என்றே பொருள் கொண்டார். அறிஞர்கள் விவாதம் தொடரட்டும். நாயகம் தம் வாழ்நாளில் எந்தப் பெண்ணையும் கை நீட்டி அடித்ததில்லை என்பதை ஆயிஷா அம்மையார் வாக்காகவே ஹதீஸ் நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. அவரைப் பின்பற்றுவதாகச் சொல்கிறவருக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டுதல் வேறென்ன வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

சட்டமும் இவ்விஷயத்தில் வெளியிலிருந்தே வந்து புகுந்ததென்று எண்ணவேண்டாம். ஹனபி மத்ஹப் என்ற சட்டப் பிரிவின் விதிப்படி, கொடுமை செய்யும் கணவனிடமிருந்து விடுபட மனைவிக்கு வழியே இல்லாமையால், இஸ்லாத்தைவிட்டு வெளியேறியாவது விவாக பந்தத்தை அறுத்துக்கொள்ளப் பஞ்சாபில் சில பெண்கள் துணிந்தபோது, தேவ்பந்து வழிவந்த மௌலானா அஷ்ரப் அலி தானவி போன்ற பேரறிஞர்களே திடுக்கிட்டு, மாலிகி மத்ஹபின் விதிகளை எடுத்தாளலாம் என்று நூல் எழுதினார்கள். அதன் பயனாகப் பிறந்ததே 1939ஆம் ஆண்டு முஸ்லிம் விவாகரத்துச் சட்டம். இரண்டு ஆண்டு பராமரிக்காவிட்டாலும், நான்கு ஆண்டு இருக்குமிடம் தெரியாவிட்டாலும், அடித்தோ வேறு விதமாகவோ கொடுமை செய்தாலும் மனைவி நீதிமன்றம் மூலம் விடுதலை பெறலாம் என்று அது எண்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அப்படியொரு சட்டம் இருப்பதே நம் ஊர்ப் பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதற்குப் பின் வந்த கதை பத்திரிகை படிப்போர் அறிந்ததே. இந்தூரின் ஷா பானு என்ற மூதாட்டிக்கு மாதம் 179 ரூபாய் 20 காசு ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு தேசத்து அரசியலையே புரட்டிப்போட்டது; மறு ஆண்டே அந்தத் தீர்ப்பின் பலனை மட்டுப்படுத்த ஒரு சட்டம் வந்தது; 2001இல் டானியல் லத்தீபி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்துக்கே பெண்களுக்கு அனுகூலமான பொருளைக் கண்டது. சென்னையில் பதர் சயீத் தொடுத்த வழக்கில், தலாக் குறித்துத் தலைமைக் காஜி அளிக்கும் சான்றிதழ் அபிப்பிராயம் மட்டுமே, கோர்ட்டுகளைக் கட்டுப்படுத்தாது என்று 2017 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சொல்லிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் உடனடி முத்தலாக்கை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. 2024 ஜூலையில், விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் பொதுச் சட்டப்படி ஜீவனாம்சம் கோரலாம் என்று அதே நீதிமன்றம் உறுதி செய்தது. இடையில் 2019இல், முத்தலாக் சொல்கிறவனுக்கு மூன்றாண்டுச் சிறை என்று பார்லிமெண்டு ஒரு சட்டம் நிறைவேற்றியதை மட்டும் நான் நிறைந்த மனத்தோடு வரவேற்க இயலாதவன். பாரதீய முஸ்லிம் மகிளா ஆந்தோலன் என்ற பெண்கள் அமைப்பு அதை ஆதரித்தது. முத்தலாக்கை எதிர்த்துப் போராடிய பேபாக் கலெக்டிவ் போன்ற வேறு பெண்கள் அமைப்புகளோ, சொல்லே செல்லாதென்றால் சொன்னதற்குச் சிறை எதற்கு, உள்ளே இருப்பவன் பிள்ளைகளுக்கு எப்படிச் சோறு போடுவான் என்று கேட்டன. அந்தக் கேள்விக்குத் திருப்தியான பதில் இன்னும் வரவில்லை.

இத்தனை ஆரவாரத்துக்கிடையில், அடிபடும் பெண்ணுக்கு உண்மையில் உபயோகமான சட்டம் ஒன்று சந்தடியில்லாமல் கிடக்கிறது. 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபரில் அமலுக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், மனைவி எந்த மதத்தவள், நிக்காஹ் எந்தத் தஃப்தரில் எழுதப்பட்டது, தலாக் செல்லுமா செல்லாதா என்ற எதையும் முதலில் கேட்பதில்லை. மாவட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் முன் அவள் சென்றால், அவர் ஒரு படிவத்தை எடுத்து நிரப்புகிறார். அந்தப் படிவத்தை வாசித்துப் பார்த்தவர்கள் வியப்படைவார்கள். கன்னத்தில் அறைந்தானா, கடித்தானா, உதைத்தானா என்பதோடு அது நின்றுவிடவில்லை. ஆண்பிள்ளை பெறவில்லை என்று பழித்தார்களா, வரதட்சணை கொண்டுவரவில்லை என்று ஏசினார்களா, நடத்தையைச் சந்தேகித்தார்களா, வேலைக்குப் போகவிடாமல் தடுத்தார்களா, வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாதென்றார்களா, தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டினானா, சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் பணம் கொடுக்காமல் விட்டானா என்றெல்லாம் ஒவ்வொன்றாக அதில் இருக்கின்றன. அத்தாவிடம் சொல்ல முடியாதவற்றையெல்லாம் அந்தக் காகிதம் தானே கேட்கிறது. அவள் ஆமென்று தலையசைத்தால் போதும்.

மனு மாஜிஸ்திரேட்டிடம் போனதும், அவர் சாதாரணமாக மூன்று நாளைக்குள் முதல் விசாரணையை வைக்க வேண்டும். அறுபது நாளைக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இழுபடுவதை நாம் அறிவோம். இருந்தாலும், அவள் வசித்த வீட்டிலிருந்து அவளைத் துரத்தக்கூடாது, அவளை நெருங்கக்கூடாது, செலவுக்குப் பணம் தரவேண்டும், பிள்ளைகள் அவளிடமே இருக்கட்டும் என்றெல்லாம் இடைக்கால உத்தரவு பெற வழியிருக்கிறது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்கவும் வேண்டாம். வருமானம் எவ்வளவாயினும் பெண் என்ற ஒரே தகுதியால் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டுச் சட்டம் அளித்திருக்கிறது. கட்டணமின்றி 181 என்ற எண்ணில் இரவிலும் பகலிலும் பேசலாம்.

ஆனால் சட்டத்துக்கும் முன்னால் ஒன்றிருக்கிறது, அது வீடு. அடித்தவனை விட்டு வெளியேறும் பெண் அடுத்த நிமிஷம் எங்கே போவாள் என்பதில்தான் விஷயத்தின் முக்காலே மூன்று வீசம் அடங்கியிருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பாண்டாவும் பினா அகர்வாலும் ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றின்படி, நிலமோ வீடோ இல்லாத மனைவியரில் நூற்றுக்கு 49 பேர் அடிபட்டிருக்க, இரண்டும் சொந்தமாக உடையவர்களில் அப்படி ஆளானவர்கள் 7 பேர் மட்டுமே. இதைப் படித்தபோது எனக்குக் காயல்பட்டினமும் கீழக்கரையும் ஞாபகத்துக்கு வந்தன. அவ்வூர் மரைக்காயர் குடும்பங்களில் வீட்டைப் பெண்ணுக்குக் கொடுத்து, மாப்பிள்ளை அவள் வீட்டுக்கு வந்து வாழ்வது பரம்பரை வழக்கம். உம்மாவும் லாத்தாவும் அடுத்த அறையில் இருக்கையில், கை ஓங்குவதற்கு எவனும் இருமுறை யோசிப்பான். சண்டை முற்றினாலும், மூட்டை கட்டவேண்டியவன் அவன்தான். குறையில்லாத ஏற்பாடென்று சொல்லவில்லை. இலங்கையின் கிழக்குக் கரையோரத்தில் இதே வழக்கம் உள்ள ஊர்களில், மகளுக்கு வீடு கட்டுவதே சீதனச் சுமையாகி, வாலிபத்தையெல்லாம் வளைகுடாவில் கழித்த தகப்பன்மார் உண்டு. என்றாலும், மஹராக ஒரு சிறு தொகையைப் பெயருக்கு எழுதிவிட்டு, கைக்கூலியாகப் பெருந்தொகையையும் பவுனையும் மாப்பிள்ளை வீட்டார் கையில் அள்ளிக்கொடுக்கும் ஊர்கள், அதே பணத்தைப் பெண்ணின் பெயரில் ஒரு கூரையாக மாற்றினால், ஜமாஅத்துக்கு வரும் வழக்குகள் பாதியாகக் குறையும் என்றே நான் கருதுகிறேன்.

இலங்கையைப் பற்றிச் சொல்ல இன்னும் உண்டு. தமிழகத்து ஜமாஅத்தின் தீர்ப்பு ஊர் வழக்கம் மட்டுமே. இலங்கையிலோ காதி நீதிமன்றங்கள் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி ராஜாங்கமே அமைத்தவை. அந்தச் சட்டப்படி காதியாக நியமனம் பெறத் தகுதியுள்ளவர் முஸ்லிம் ஆண் மட்டுமே. நிக்காஹ் பதிவில் மணமகளின் கையொப்பத்துக்கு அவசியமில்லை, பாதுகாவலரான வலீ ஒப்பமிட்டால் போதும். கணவன் காரணம் கூறாமல் தலாக் சொல்லலாம். மனைவி பஸஹ் என்ற விவாக விடுதலையைக் கோரினால் கொடுமையைச் சாட்சிகளோடு நிரூபிக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு அடித்ததற்குச் சாட்சி எங்கிருந்து வரும்? மற்றப் பிரஜைகளின் விவாக வயது 1995இல் 18ஆக உயர்த்தப்பட்டபோதும், இச்சட்டத்தில் குறைந்தபட்ச வயதென்று ஒன்று வகுக்கப்படவில்லை. நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் அமைந்த குழு, ஒன்பது ஆண்டு ஆலோசித்து 2018இல் இரண்டுபட்ட அபிப்பிராயங்களோடு அறிக்கை கொடுத்தது. புத்தளத்திலும் கிழக்கிலும் கொழும்பிலும் உள்ள முஸ்லிம் பெண்கள் அமைப்புகள் பல்லாண்டுகளாகத் திருத்தம் கோரி வருகின்றன. 2019இன் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, அபாயா அணிந்த பெண்கள் கடைத்தெருவிலும் ஆஸ்பத்திரியிலும் அவமதிக்கப்பட்ட நாட்களில், இந்தப் பெண்களின் நிலை இன்னும் இக்கட்டாயிற்று. சட்டத்தைத் திருத்து என்றால் சமூகத்தைக் காட்டிக்கொடுக்கிறாய் என்றார்கள், வாய்மூடி இருந்தாலோ காதி சபையில் அழும் சகோதரிக்கு அது துரோகமாயிற்று.

ஆகையால் ஊர் ஜமாஅத்துகளின் நிர்வாகிகளுக்கு என் விண்ணப்பம் இதுவே. கூடத்தை இடிக்கச் சொல்லவில்லை; மார்க்கத்தை மாற்றச் சொல்லவில்லை. அடுத்த வழக்கு வரும்போது அந்தப் பெண்ணை நேரில் அழையுங்கள்; அவள் கூசாமல் பேசும்படி படித்த, வயது முதிர்ந்த பெண்கள் இரண்டு மூன்று பேரைச் சபையிலேயே உறுப்பினராக வைத்துக்கொள்ளுங்கள்; பள்ளிவாசலில் இயலாதென்றால் மதரஸாவிலோ ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ கூடுங்கள். உடம்பில் காயம் இருக்குமானால் சமரசம் பேசாமல், ஆஸ்பத்திரிக்கும் பாதுகாப்பு அலுவலரிடமும் அனுப்புங்கள். அவள் வாயால் கேளாத வழக்கின் தீர்ப்பில் தயவுசெய்து கையெழுத்திடாதீர்கள்.